வேப்பமரத்தடியில் ஒரு 207: வாங்கியாயிற்று, இனி என்ன செய்வது?

2023 நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மச்சினன் ஒரு டாடா 207 டிஐ பிக்அப்பைக் கரூர்ப் பக்கத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் தோட்டத்து வேப்பமரத்தடியில் நிறுத்தினான். 2007 மாடல், மஞ்சள் போர்டு, விலை 1,35,000 ரூபாய். எதற்கு வாங்கினாய் என்று கேட்டேன். "விலைக்கு வந்துச்சு மாமா, 407 இன்ஜின் மாமா" என்றான். எதற்கு என்ற கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அவனுக்கே தெரியும்.

அன்றிலிருந்து 80 நாள் அந்த வண்டி மரத்தடியிலேயே நின்றது. அந்த 80 நாளில் என்னென்ன யோசித்தோம், எதை முதலில் பார்த்திருக்க வேண்டும், எதைப் பார்க்காமல் விட்டோம், கடைசியில் கையைவிட்டு எவ்வளவு போனது என்பதை எழுதிவைக்கிறேன். பழைய பிக்அப் ஒன்றை வாங்கிவிட்டு, அல்லது வாங்கப் போகும் நிலையில், இதே குழப்பத்தில் இருப்பவர்கள் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர்.

முதலில் எங்கள் நிலைமை. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து 18 கிலோமீட்டர் தள்ளி ஊர். சின்ன வெங்காயமும் தக்காளியும் போடுகிறோம். சரக்கைச் சந்தைக்குக் கொண்டுபோக இதுவரை வாடகைக்குக் குட்டி யானை பிடிப்போம். டிரைவர், டீசல் எல்லாம் சேர்த்து ஒரு நடைக்கு 800 ரூபாய். பெரிய குறை இல்லை. ஆனால் அறுவடை நேரத்தில் ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டும். அப்போதுதான் 'சொந்தமா ஒண்ணு இருந்தா' என்ற பேச்சு எழும்.

வண்டி வந்த அன்றே ஆளுக்கொரு யோசனை. மச்சினனுக்கு அதை வாடகைக்கு ஓட்ட ஆசை. அவனுடைய நண்பன் ஒருவன், பக்கவாட்டைத் திறக்கிற மாதிரி வெட்டி டிபன் கடை ஆக்கலாம் என்றான். எனக்கு, தோட்டத்துச் சரக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. என் மனைவி, வந்த வழியே விற்றுவிடு என்றாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இரும்புக்குப் போடு" என்றார். இந்த ஐந்தையும் வைத்து மூன்று வாரம் பேசினோம். பேசிய முறையே தவறு என்று இப்போது தெரிகிறது. வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் வண்டியின் எதிர்காலத்தைப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆர்சி யார் பெயரில்?

நம் ஆட்கள் பழைய வண்டி பார்க்கும் விதம் ஒன்று உண்டு. பானெட்டைத் திற, ஸ்டார்ட் பண்ணு, சத்தத்தைக் கேள், "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லி அட்வான்ஸ் கொடு. மச்சினனும் அப்படித்தான் செய்திருந்தான். காகிதத்தை எடுத்துப் பார்த்தது நான்காவது வாரத்தில்.

ஆர்சி புக்கில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், இருந்தது விற்றவர் பெயரே இல்லை. அவர் மூன்றாவது கை, புக்கில் இருந்தவர் இரண்டாவது கை. இடையில் பெயர் மாற்றமே நடக்கவில்லை. போதாக்குறைக்கு இரண்டாவது கைக்காரர் வாங்கிய கடனுக்கான ஹைப்போதிகேஷன் (அடமானப்) பதிவு அப்படியே இருந்தது. கடன் 2012லேயே முடிந்துவிட்டது, பதிவை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. இன்சூரன்ஸ் முடிந்திருந்தது. எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று, ஜூன் கடைசியில் முடிந்திருந்தது. எஃப்சி இல்லாத டிரான்ஸ்போர்ட் வண்டியைச் சட்டம் முறையாகப் பதிவான வண்டியாகவே எண்ணுவதில்லை. அப்படி ஒன்றை, இன்சூரன்ஸும் இல்லாமல், இவன் கரூரிலிருந்து ஓட்டி வந்திருக்கிறான். வழியில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்திருந்தால் இந்தக் கட்டுரையின் தலைப்பே வேறு.

மோட்டார் வாகனச் சட்டப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30. ஊரில் பாதிப் பேர் இதில் கையெழுத்து வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு விற்றுவிடுவார்கள். ஆனால் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து நஷ்டஈடும் அவர் தலையில்தான் என்று 2018லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை எடுத்துச் சொன்னதும் அந்த இரண்டாவது கைக்காரர் பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டார். ஆறு ஆண்டாக அவர் பெயரில் யாரோ ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

கடன் ரத்துக்குப் படிவம் 35ம் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும். அந்த நிறுவனத்தின் உள்ளூர்க் கிளை மூடப்பட்டிருந்தது. தலைமை அலுவலகத்துக்கு இரண்டு முறை போய், பழைய கணக்கைத் தேடி எடுக்க வைத்து, ஐந்து வாரம் ஆயிற்று. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டதில் பழைய இ-செலான் (அபராதச் சீட்டு) இரண்டும் வந்து நின்றன. கட்டினோம். ஏஜென்ட், அலைச்சல், செலான் எல்லாம் 9,000 ரூபாய்.

எஃப்சி முடிந்த பிறகு தாமதிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணம். வாங்கும்போதே கிட்டத்தட்ட 150 நாள் ஓடியிருந்தது. நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து விவாதித்த 80 நாளுக்கு மட்டும் 4,000 ரூபாய். மொத்தம் 11,500. 15 ஆண்டு தாண்டிய வண்டி என்பதால், 2022 ஏப்ரலில் உயர்ந்த எஃப்சி கட்டணம் வேறு.

இந்தக் கட்டத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. ஐந்து யோசனைகளில் எதை எடுத்தாலும் காகிதம் சரியாக வேண்டும். வாடகைக்கு ஓட்டவும், விற்கவும் வேண்டும். நம் சொந்த வெங்காயத்தை ஏற்றினாலும் அது சரக்கு வண்டிதான், எஃப்சி வேண்டும். அப்பா சொன்ன இரும்புக்கே கூட வேண்டும். பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைப்பதென்றால் கடன் பதிவு இருக்கக் கூடாது. ஆக, விவாதம் முடிகிறவரை காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே காகித வேலையைத் தொடங்கியிருந்தால் எதுவும் வீணாகியிருக்காது. என்ன முடிவு எடுப்பது என்று தெரியாதபோதும் செய்யத்தக்க வேலை ஒன்று கண்முன்னே இருந்தது. நாங்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மீன் செதில்

காகிதம் போய்க்கொண்டிருந்தபோது மெக்கானிக்கைத் தோட்டத்துக்கே வரவழைத்தோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஒரு சாக்கை விரித்துப் போட்டு, சுத்தியலோடு வண்டிக்கு அடியில் போனார். டங் டங் என்று சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, தட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். பின் சக்கரத்தைத் தாண்டியதும் சத்தம் 'டப்' என்று மாறியது. வெளியே வந்து, "அண்ணே, இது மீன் லோடு அடிச்ச வண்டி" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பாடியின் தகட்டு இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நோண்டினார். நாலைந்து செதில் வந்தது. பிறகு இரண்டாவது கைக்காரரிடம் விசாரித்தபோது நாகப்பட்டினத்திலிருந்து இரண்டு ஆண்டு மீன் ஏற்றியதாக ஒப்புக்கொண்டார். ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் பாடி இடுக்கு வழியே சொட்டி, சேஸ் மடிப்பில் சேறோடு சேர்ந்து தங்கும். துரு உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வெளியே வரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதற்கும் மேல், விற்கும்போது வேஸ்ட் ஆயிலை அடித்துக் கறுப்பாக்கியிருந்தார்கள். காய்கறி வண்டி, செங்கல் வண்டி எதையும் வாங்கலாம், மீன் வண்டியும் உப்பு வண்டியும் வேண்டாம் என்று பழைய வண்டிக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

நல்லவேளை, நீளவாட்டத்துச் சட்டங்கள் இரண்டும் உறுதியாக இருந்தன. போனது பின்பக்கக் குறுக்குச் சட்டம் ஒன்றும், அதை ஒட்டிய இரண்டு இடங்களும். அதை மாற்றிவிடலாம் என்றார். நீளச் சட்டம் அரித்திருந்தால் அன்றைக்கே அப்பா சொன்னதுதான் முடிவு. மீதிப் பேச்சுக்கு வேலையில்லை.

டயரில் ஒரு பாடம். முன் டயர் இரண்டிலும் பூ நன்றாக இருந்தது, மச்சினன் அதைப் பெருமையாகக் காட்டினான். பக்கவாட்டில் 3814 என்று அச்சிட்டிருந்தது. 2014ஆம் ஆண்டின் 38ஆவது வாரம் செய்த டயர். ஒன்பது ஆண்டுப் பழையது, ஓரமெல்லாம் வெடிப்பு. பின்னால் ரீட்ரெட், பழைய டயரில் புதுப் பூ ஒட்டியது. முன் மட்கார்டில் காந்தத்தை வைத்தால் ஒட்டவில்லை, அத்தனை பட்டிப் பூச்சு.

இன்ஜினை அவர் கடைசியாகப் பார்த்தார். மச்சினன் சொன்னது சரிதான். நாலு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), அதனால் 497 என்று பெயர். 2,956 சிசி, 407 லாரியில் ஓடும் இன்ஜினின் குடும்பம். சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும், கை வைக்கத் தெரியாத மெக்கானிக் இல்லை. ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக வாய்மேல் வைத்தார். மூடி லேசாக ஆடியது, ஆனால் தூக்கி எறியவில்லை. கொஞ்சம் பேக் கம்ப்ரஷன் (சிலிண்டரிலிருந்து காற்று கீழே கசிவது) இருக்கிறது, இன்னும் இரண்டு மூன்று ஆண்டு கை வைக்காமல் ஓட்டலாம் என்றார். பிரேக் பெடல் மட்டும் மெதுவாகத் தரை வரை போனது. அதை வைத்துக்கொண்டுதான் கரூரிலிருந்து வந்திருக்கிறான்.

டிபன் கடையும் இரும்புக் கடையும்

இரண்டு யோசனைகளை இங்கேயே தள்ளினோம். பக்கவாட்டை வெட்டிக் கடையாக்குவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் இடிக்கும். பதிவில் உள்ள அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அனுமதிக்கு அலைந்து, வண்டியையும் கெடுத்துக்கொண்டு, தோசை ஊற்ற எங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மனைவி கேட்டாள். அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது.

பழைய இரும்புக் கடைக்காரர் 48,000 சொன்னார். "ஆர்சியை நீங்களே வச்சுக்குங்க" என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் பயம். வண்டியை உடைத்தால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் காகிதத்தில் வண்டி உயிரோடு இருக்கும், சேஸ் எண் வேறு எங்காவது முளைக்கும். முறையான உடைப்பு நிலையத்தில் கொடுத்தால் டெபாசிட் சான்றிதழ் தருகிறார்கள். அதை வைத்துப் புது டிரான்ஸ்போர்ட் வண்டி வாங்கினால், அப்போதைய விதிப்படி, சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை. புது வண்டி வாங்குகிற எண்ணமே இல்லாத எங்களுக்கு அதனால் என்ன?

நோட்டில் இருந்த 61

மிச்சம் மூன்று வழி: உடனே விற்பது, தோட்டத்துக்கு வைத்துக்கொள்வது, வாடகைக்கு ஓட்டுவது. லைசென்ஸ் பிரச்சினை இல்லை. மச்சினனிடம் இருந்தது சாதாரணக் கார் லைசென்ஸ்தான். 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்கு அது போதும் என்று 2017ல் வந்த தீர்ப்பை 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்தது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டும் தேவையில்லை.

என்னிடம் ஒரு பழக்கம், சந்தைக்குப் போன ஒவ்வொரு நடையையும் நோட்டில் குறிப்பேன். அதை எடுத்து எண்ணினால் முந்தைய ஆண்டு 61 நடை. நூறு இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதிலும் 40 நடை மூன்றே மாதத்தில்.

இனி செலவு. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ்தான் பெரிய அடி. 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிக்கு அடிப்படைப் பிரீமியம் அப்போது 16,049 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. வண்டி நேற்று வாங்கியதா, பதினாறு வயதா என்று அது பார்ப்பதில்லை, தினமும் ஓடுகிறதா மாதத்துக்கு ஐந்து நாள் ஓடுகிறதா என்றும் பார்ப்பதில்லை. அது 18,000. எட்டு ஆண்டு தாண்டிய வண்டிக்கு எஃப்சி ஆண்டுதோறும். கட்டணம், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், பெயிண்ட், ஏஜென்ட் எல்லாம் சேர்த்து 14,000. வரியும் பசுமை வரியும் 5,000. சில்லறைப் பராமரிப்பு 12,000. ஆக, வண்டி நகராமல் நின்றாலும் ஆண்டுக்கு 49,000.

ஒரு நடைக்குப் போக வர 36 கிலோமீட்டர், மூன்றரை லிட்டர், 325 ரூபாய் டீசல். வாடகை 800ல் மிச்சம் 475. 49,000ஐ 475ஆல் வகுத்தால் 103. ஆண்டுக்கு 103 நடை ஓடினால்தான் சொந்த வண்டியும் வாடகை வண்டியும் சமம். எங்களிடம் இருப்பது 61.

மச்சினன் விடவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர்கள் சரக்கையும் ஏற்றலாம் என்றான். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களும் சின்ன வெங்காயம்தான், தக்காளிதான். எங்களுக்கு லோடு இருக்கிற வாரம்தான் அவர்களுக்கும். ஒரே நாளில் நாலு பேருக்கு வண்டி வேண்டும், பிறகு இரண்டு மாதம் யாருக்கும் வேண்டாம். விதிவிலக்கு ஒருவர்தான், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முருங்கையும் தென்னையும் வைத்திருக்கிற பெரியவர். அவருக்கு ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கு வரும். ஐம்பது நடை தருகிறேன் என்றார். 61ம் 50ம் 111. துள்ளிக் குதித்தான்.

மனைவிதான் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல ரிப்பேருக்குப் போடுற பணம் எங்கே?" எங்கேயும் இல்லை. குறுக்குச் சட்டமும் வெல்டிங்கும் 22,000, பிரேக் முழுசாக 14,000, நாலு டயர் 26,000, ஸ்டியரிங் பக்கம் 6,000, லைட், வயரிங் 4,000. மொத்தம் 72,000. அதை நாலு ஆண்டுக்குப் பிரித்தால்கூட 103 என்பது 141 ஆகிவிடுகிறது. அந்தக் கணக்குப்படி, ஒரு புரோக்கர் கேட்ட 1,05,000க்கு அன்றே தள்ளிவிட்டிருக்க வேண்டும். வாங்கிய விலையில் 30,000 நஷ்டம், அவ்வளவுதான்.

நாங்கள் அப்படிச் செய்யவில்லை. அதற்குக் காரணம் கணக்கு இல்லை. மச்சினன் அதற்கு முன் இரண்டு வேலை பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான். வண்டி வந்த பிறகு காலையில் ஆறு மணிக்கு எழுந்துகொண்டிருந்தான். மாமியார் ஒரு வார்த்தை சொன்னார், நான் அதற்கு மேல் பேசவில்லை.

ஆனால் இரண்டு நிபந்தனை போட்டோம். ரிப்பேர் 75,000ஐத் தாண்டக் கூடாது. இன்ஜினைத் திறப்பது, பெயிண்ட், சீட், பாட்டு செட் எதுவும் அதில் வராது. ஓட்டவும் நிறுத்தவும் தேவையானது மட்டும். இன்னொன்று, அடுத்த எஃப்சி வரும்போது நடைகளை எண்ணிப் பார்த்து மறுபடி முடிவு செய்வது. ஆண்டுதோறும் எஃப்சி என்பது எல்லோருக்கும் தொல்லை. எங்களுக்கு அது ஒரு கெடு மாதிரி உதவியது.

அந்த ஓர் ஆண்டு

2024 பிப்ரவரியில் எஃப்சிக்கு விட்டோம். முதல் முறை ஹேண்ட்பிரேக்கும் ஹெட்லைட்டும் சரியில்லை என்று திருப்பினார்கள். இரண்டாவது முறை கிடைத்தது. இன்ஜின் ஆண்டு முழுக்க ஒரு தொல்லையும் தரவில்லை. டிசம்பர் மழையில் ஓர் இரவு, ஊரில் வேறு வண்டியே கிடைக்காதபோது, நனையத் தொடங்கிய வெங்காயத்தைத் தார்ப்பாய் போட்டு விடிவதற்குள் சந்தையில் இறக்கினான். அந்த இரவு மட்டும் சொந்த வண்டியின் அருமை தெரிந்தது. அந்த ஒன்றுக்காக 49,000 கட்ட முடியுமா என்பது வேறு விஷயம்.

ஆண்டுக் கடைசியில் எண்ணினோம். 94 நடை. எங்களுடையது 61, பெரியவருடையது 33. மழையில் முருங்கைப் பூ கொட்டிவிட்டது, அவர் சொன்ன ஐம்பது வரவில்லை. ஓட்டத்தில் மட்டும் 4,350 ரூபாய் நஷ்டம். அது பெரிதில்லை. போட்ட முதலில்தான் அடி. வாங்கியது 1,35,000, ரிப்பேர் 72,000, காகிதம் 9,000, எஃப்சி தாமதம் 11,500, ஆக 2,27,500.

2025 ஜனவரியில் பெரியவரே வந்து கேட்டார், 1,60,000க்குத் தருவாயா என்று. அவருக்குத் தென்னை காய்ப்புக்கு வந்துவிட்டது, தேங்காயும் முருங்கையும் சேர்த்து வாரத்துக்கு நாலு நடை வரும். ஆண்டுக்கு 200. அவருக்கு அது சரியான வண்டி. சேஸ் வேலை நடந்தபோது அவரே வந்து பார்த்திருக்கிறார், காகிதம் சுத்தமாக இருக்கிறது. பாதி விலை அந்தக் காகிதத்துக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. கொடுத்தோம். மொத்தத்தில் கையைவிட்டுப் போனது கிட்டத்தட்ட 72,000. என் மனைவி முதல் நாள் சொன்னதைக் கேட்டிருந்தால் 30,000. இதை அவள் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பெயர் மாற்றத்துக்கு மூவருமாக ஆர்டிஓ அலுவலகம் போனோம். ஒப்புகைச் சீட்டை மச்சினன் செல்போனில் மூன்று முறை படம் எடுத்தான். இப்போது அவன் பெரியவரிடமே டிரைவராக இருக்கிறான். எங்கள் லோடுக்கு அதே வண்டி வருகிறது, நடைக்கு 700 ரூபாய். மழை நாளில் பின்பக்கம் போய் நின்றால் இன்னும் லேசாக மீன் வாடை அடிக்கிறது.

போன வாரம் வந்தபோது, தாராபுரம் பக்கம் ஒரு பழைய டிராக்டர் விலைக்கு வருகிறது என்றான். ஆர்சி யார் பெயரில் என்று கேட்டேன். விசாரிக்கிறேன் மாமா என்று போனவன் இன்னும் சொல்லவில்லை.